ஃபர்னஸா, ஹீட் பம்பா? முதலில் உங்கள் வீட்டின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கனடாவில் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸ் நின்றுபோவது பெரும்பாலும் ஜனவரி மாதத்தில்தான். மற்ற மாதங்களில் அரைகுறையாக ஓடிச் சமாளித்துவிடும் இயந்திரம், அந்த மாதத்தில் இரவு பகலாக உழைக்க வேண்டியிருக்கிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. இரவு 11 மணிக்கு 21 டிகிரி காட்டிய தெர்மோஸ்டாட், விடியற்காலை 4 மணிக்கு 14 காட்டியது. பிள்ளைகளை ஒரே கட்டிலில் படுக்கவைத்து, வீட்டில் இருந்த கம்பளிகளை எல்லாம் மேலே போட்டோம். காலையில் வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதைச் சரிசெய்து பிரயோஜனம் இல்லை, புதுசு போடணும், இன்றைக்கே போட்டுவிடலாம்" என்றார். அந்தக் குளிரில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

அன்றைக்கு வந்து இறங்கியது 1,00,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) ஃபர்னஸ், கூடவே பத்து ஆண்டு வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த ஃபர்னஸ் எங்கள் வீட்டின் தேவையைப்போல் இரண்டரை மடங்கு பெரியது என்று புரிய எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு அந்த இரண்டு குளிர்காலம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதெல்லாம் கடைசியில் வரவேண்டிய கேள்விகள். முதல் கேள்வி வேறு, அதன் விடைதான் தலைப்பில் சொன்ன எண்: கடுங்குளிர் நாளில் உங்கள் வீடு மணிக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது?

ஓட்டைக் குடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டுமானால், ஒழுகுகிற அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுச் சூடும் அப்படித்தான். சுவர், ஜன்னல், கூரை, கதவிடுக்கு என்று எல்லா வழியாகவும் வெப்பம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒழுகும் அளவு, உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 20, வெளியே 0 என்றால் வித்தியாசம் 20. வெளியே மைனஸ் 18 என்றால் வித்தியாசம் 38, ஒழுகலும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஹீட்டிங் கருவி செய்யும் வேலை அந்த ஒழுகலை ஈடுகட்டுவது மட்டும்தான்.

இதை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று பி.டி.யு., இன்னொன்று கிலோவாட். 1 கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு. ஊரில் ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அந்த ஒரு டன் மணிக்கு 12,000 பி.டி.யு. இவ்வளவு தெரிந்தால் போதும், விற்பனையாளர் எந்த அளவில் பேசினாலும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

எந்த நாளுக்குக் கணக்குப் போடுவது? ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வடிவமைப்பு வெப்பநிலை வைத்திருக்கிறார்கள். டொராண்டோ வட்டாரத்துக்கு அது மைனஸ் 18 முதல் 20 வரை. வின்னிபெக்குக்கு ஏறத்தாழ மைனஸ் 33, வான்கூவருக்கு மைனஸ் 7 அளவில். இது அந்த ஊரில் பதிவான மிகக் கடுமையான குளிர் அல்ல. ஜனவரியின் 744 மணி நேரத்தில் 2.5 விழுக்காடு, அதாவது 18, 19 மணி நேரம் மட்டுமே இதைவிடக் குளிராக இருக்கும் என்று பொருள். அந்தச் சில மணி நேரத்துக்காகப் பெரிய இயந்திரம் வாங்கத் தேவையில்லை. வீடு ஒரு டிகிரி இறங்கி மறுபடி ஏறிக்கொள்ளும்.

முறைப்படி இந்தக் கணக்கைப் போடுவதற்குக் கனடாவில் சி.எஸ்.ஏ. எஃப்280 என்று ஒரு தரநிலை இருக்கிறது. சுவரின் பரப்பு, ஜன்னலின் வகை, அட்டிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடம்) உள்ள இன்சுலேஷன் என்னும் வெப்பத்தடுப்பு, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் சேர்த்து அறை அறையாகக் கணக்கிடுவார்கள். கேட்டால்தான் செய்வார்கள். பலர் வீட்டின் சதுர அடியைக் கேட்டுவிட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள், அல்லது பழைய ஃபர்னஸில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவைப் போட்டுவிடுவார்கள். ஜன்னலெல்லாம் ஒற்றைக் கண்ணாடியாக இருந்த காலத்தில் போட்ட ஃபர்னஸின் அளவு இன்றைய வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், நான் செய்து பார்த்தது. ஒற்றை வேகத்தில் ஓடும் கேஸ் ஃபர்னஸ் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே சரிவரும். வெளியே மைனஸ் 17, 18 இருக்கும் ஓர் இரவில், தெர்மோஸ்டாட்டை மாற்றாமல், ஒரு மணி நேரத்தில் ஃபர்னஸ் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பேஸ்மென்ட் படிக்கட்டில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, தீ பிடிக்கும் சத்தம் கேட்கும்போது ஒரு கோடு, அணையும்போது ஒரு கோடு என்று மூன்று மணி நேரம் எழுதினேன். சராசரி மணிக்கு 23 நிமிடம் வந்தது. ஃபர்னஸின் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் வெளியீடு 95,000 பி.டி.யு. என்று இருந்தது (முன்பு சொன்ன 1,00,000 அது எரிக்கும் கேஸின் அளவு). 95,000-ஐ 23-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 36,400. மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேலே. அதுதான் எங்கள் வீட்டின் எண்.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிட்டது, சீக்கிரம் சூடாகட்டுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பெரிய ஃபர்னஸ் பட்டென்று எரிந்து, தெர்மோஸ்டாட் இருக்கும் நடுக்கூடத்தைச் சூடாக்கிவிட்டு, மாடியின் கடைசி அறைக்குச் சூடு போய்ச்சேரும் முன்பே அணைந்துவிடும். பத்து நிமிடத்தில் மறுபடி எரியும். கூடம் வியர்க்கும், படுக்கையறை நடுங்கும். எரிவதும் அணைவதுமாகவே இருப்பதால் தீமூட்டியும் மோட்டாரும் சீக்கிரம் தேயும். சரியான அளவுள்ள கருவி மெதுவாக, நீண்ட நேரம், சத்தம் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் நல்ல ஹீட்டிங்கின் அடையாளம்.

எண் கிடைத்தவுடன் கடைக்கு ஓட வேண்டாம். குடத்து ஓட்டையை அடைத்தால் ஊற்றுவதும் குறையும் அல்லவா? காற்றடிக்கும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டம், பிளக் பாயின்ட், அட்டிக் மூடி, வாசற்கதவின் அடி என்று கொண்டுபோங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே கசிவு. பனி பெய்த மறுநாள் தெருவில் நின்று கூரைகளைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரை வெள்ளையாக இருக்க, உங்கள் கூரையில் மட்டும் பனி உருகியிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு அட்டிக் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்று புதிய வீடுகளின் அட்டிக்குக்கு ஆர்-60 (எண் கூடக்கூட தடுப்பு அதிகம்) அளவு இன்சுலேஷன் கேட்கிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அதில் பாதிகூட இல்லை. வீட்டு எரிசக்தி ஆலோசகரை வரவழைத்தால் வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, கசிவு மொத்தம் எவ்வளவு என்று அளந்து சொல்வார். முதலில் அட்டிக், அப்புறம்தான் கருவி. இந்த வரிசையை மாற்றினால் சிறிய கருவி போதுமான வீட்டுக்குப் பெரிய கருவி வாங்கியவராவீர்கள்.

இனிக் கருவிகளுக்கு வருவோம்.

ஒன்டாரியோவில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இயற்கை எரிவாயு ஃபர்னஸ். கேஸ் எரிந்து ஓர் உலோகக் கூட்டைச் சூடாக்கும், மின்விசிறி அதன்மேல் வீட்டுக் காற்றை ஊதும், சூடான காற்று தகரக் குழாய்கள் வழியாக அறைகளுக்குப் போகும். பழைய ஃபர்னஸ்கள் 100 டாலர் கேஸ் எரித்தால் 20 டாலர் சூட்டைப் புகைபோக்கி வழியாக விட்டுவிடும். 2019 ஜூலைக்குப் பிறகு தயாராகும் வீட்டு கேஸ் ஃபர்னஸ்களுக்குக் குறைந்தது 95 விழுக்காடு திறன் வேண்டும் என்பது கனடாவின் விதி. அந்த மிச்ச 15 எப்படிக் கிடைத்தது? கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடுமே, ஆவி நீராக மாறும்போது தன்னிடம் இருக்கும் வெப்பத்தை விட்டுவிடுவதுதான் காரணம். புதிய ஃபர்னஸ் புகையைக் குளிரவைத்து அந்த நீராவியை நீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் அடியில் ஒரு சிறு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். புகையும் சூடு ஆறிவிடுவதால் செங்கல் புகைபோக்கி வேண்டாம், வெள்ளை பி.வி.சி. குழாய் போதும்.

டொராண்டோ நகரின் பழைய வீடுகள் சிலவற்றில் பாய்லரும், சுவரோரம் இரும்பு ரேடியேட்டர்களும் இருக்கும். சுடுநீர் சுற்றிவரும் ஏற்பாடு. காற்று வீசாது, சூடு இதமாக இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள்.

சுவரடியில் நீளமாகப் பொருத்தும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் வாங்க மலிவு, ஓட்ட விலை அதிகம். நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் கியூபெக்கில் அது சாதாரணம். ஒன்டாரியோவில் அப்படி ஒரு வீடு வாங்கினால் முதல் குளிர்கால பில்லிலேயே தெரிந்துவிடும். நிலத்தில் துளையிட்டு வெப்பம் எடுக்கும் புவிவெப்ப முறை மிக நல்லது, ஆனால் துளையிடும் செலவு பெரிது. நகரத்துச் சிறிய மனையில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவராது.

ஹீட் பம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் பற்றித்தான் நம்மவர்களுக்குச் சந்தேகம் அதிகம். "மைனஸ் பத்தில் வெளியே ஏது சூடு, அதிலிருந்து எப்படி எடுப்பான்?" என்று கேட்பார்கள்.

மதுரையில் ஏசி வெளி யூனிட் பக்கம் நின்றிருப்பீர்கள். அனல் அடிக்கும். அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது ஏசி. அதே இயந்திரத்தில் ஒரு வால்வைத் திருப்பி, வெளியிலிருந்து அள்ளி உள்ளே கொட்டவைத்தால் அது ஹீட் பம்ப். கோடையில் ஏசி, குளிரில் ஹீட்டர், பெட்டி ஒன்றுதான். மைனஸ் 10 நமக்குத்தான் குளிர். இந்த இயந்திரங்களில் இதுவரை பரவலாக ஓடும் வாயு, சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 50-க்கும் கீழேயே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் 10 காற்று வெதுவெதுப்பானது. அந்தக் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகும், பிறகு கம்ப்ரெசர் அதை அழுத்திச் சூடேற்றும், வீட்டுக்குள் வந்து அந்த வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும்.

கிணற்று மோட்டாரை நினைத்தால் இன்னும் எளிது. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கிணற்றில் இருப்பதை மேலே தூக்குகிறது. அதனால்தான் ஹீட் பம்ப் 1 யூனிட் மின்சாரத்தில் 3 யூனிட் வெப்பம் தருகிறது. ஒன்று நாம் கொடுத்தது, மீதி வெளிக்காற்றிலிருந்து வந்தது. ஆனால் கிணற்று மட்டம் இறங்க இறங்க மோட்டாருக்குப் பாடு அதிகம், வரும் தண்ணீரும் குறைவு. வெளியே 8 டிகிரி இருக்கும்போது 3, 3.5 மடங்கு தரும் நல்ல ஹீட் பம்ப், மைனஸ் 15-இல் ஏறத்தாழ 2 மடங்குதான் தரும். குளிர்நாடுகளுக்கென்று செய்த மாடல்கள் மைனஸ் 25, 30 வரையிலும் ஓடும். ஓடும் என்பதும் போதும் என்பதும் வேறு. மூன்று டன் என்று பெட்டியில் எழுதியிருப்பது மிதமான வெப்பநிலைக்கு உரிய அளவு. "மைனஸ் 15-இல் எத்தனை பி.டி.யு. தரும்?" என்று கேளுங்கள். அந்த எண் உற்பத்தியாளரின் அட்டவணையில் இருக்கும். அதை உங்கள் வீட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹீட் பம்ப் வைத்தவர்கள் முதல் வாரத்தில் பயப்படும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, துவாரத்தில் கை வைத்தால் காற்று சூடாக இல்லையே என்பது. கேஸ் ஃபர்னஸ் காற்று 50 டிகிரிக்கு மேல் வரும், இது 35, 40-தான் வரும். நம் உடம்பு 37 என்பதால் வெதுவெதுப்பாகத்தான் தெரியும். கையை நம்பாதீர்கள், தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். இன்னொன்று புகை. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கதவைத் தட்டி, "தம்பி, உங்கட மிசின் புகையுது, ஓடி வாங்கோ!" என்றார். போய்ப் பார்த்தால் வெளி யூனிட்டிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. வெளிச்சுருளில் உறைபனி படிந்துவிட்டால், சில நிமிடம் தன்னைத்தானே சூடாக்கி அதை உருக்கிக்கொள்ளும். அந்த நீராவிதான் அது. அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் சத்தம் மாறி, விசிறி சுற்றத் தொடங்கியது.

சரி, காசுக் கணக்கு. 1 கன மீட்டர் கேஸில் சுமார் 10.5 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 95 விழுக்காடு ஃபர்னஸில் எரித்தால் 10 யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வரும். யூனிட் என்றால் கிலோவாட் மணி. உங்கள் பில்லில் விநியோகக் கட்டணம் எல்லாம் சேர்த்து கேஸ் கன மீட்டருக்கு 45 சென்ட், மின்சாரம் யூனிட்டுக்கு 13 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 யூனிட் வெப்பத்துக்கு கேஸில் 45 சென்ட். பேஸ்போர்டில் 1 டாலர் 30 சென்ட். ஹீட் பம்ப் 3 மடங்கு தரும் நாளில் 43 சென்ட், 2 மடங்கு தரும் நாளில் 65 சென்ட். இந்த விலையில் மிதமான நாட்களில் ஹீட் பம்பும் கேஸும் கிட்டத்தட்ட சமம், கடுங்குளிரில் கேஸ் மலிவு. உங்கள் பில்லை எடுத்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், விடை மாறலாம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். நுகர்வோர் கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு யாராவது போட்டுக்கொடுத்த ஒப்பீடு இப்போது பொருந்தாது. ஒன்டாரியோவில் இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலையில் மின்சாரம் தரும் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அதில் வாரநாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை மிக அதிகம். நாம் வேலைவிட்டு வந்து சமைக்கும் நேரம் அது.

கேஸ் இணைப்பை முழுவதும் துண்டித்தால் மாதாமாதம் கட்டும் நிலையான கட்டணமும் மிச்சம். அடுப்பும் தண்ணீர் ஹீட்டரும் கேஸில் இருக்கும்வரை அது மிச்சமாகாது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? ஐந்தாவது கோடையில் ஏசி போய்விட்டது. இன்னொரு ஏசி வாங்காமல் அந்த இடத்தில் மூன்று டன் ஹீட் பம்ப் போட்டோம். ஃபர்னஸ் அப்படியே இருக்கிறது. மைனஸ் 8 வரை ஹீட் பம்ப் ஓடும், அதற்குக் கீழே போனால் தெர்மோஸ்டாட் தானாக ஃபர்னஸுக்கு மாற்றிவிடும். ஏசி மாற்றும் நேரம் வந்தால் ஹீட் பம்பை யோசிக்காமல் விடாதீர்கள். எப்படியும் வெளியே ஒரு பெட்டி வைக்கத்தான் போகிறீர்கள். பேஸ்போர்டு வைத்த வீடு என்றால் எனக்குத் தயக்கமே இல்லை, ஹீட் பம்ப்தான். குழாய் இல்லாவிட்டாலும் சுவரில் மாட்டும் வகை இருக்கிறது. கேஸை விட்டு முழுவதும் வெளியேற நினைப்பவர்கள் மின்சாரப் பலகை 100 ஆம்பியரா 200 ஆம்பியரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கடுங்குளிருக்கு உதவியாக வைக்கும் மின்சுருள் நிறைய ஆம்பியர் இழுக்கும்.

இப்போது அந்த ஒப்பந்தம். மாத வாடகை சிறியதாகத் தெரியும். மாதம் 120 டாலர் என்றால் பத்து ஆண்டில் 14,400 டாலர். எங்கள் ஃபர்னஸை ரொக்கத்துக்குப் பொருத்தியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. நடுவில் விலகக் கேட்டபோது அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு மனைவியும் நானும் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல், நீங்கள் அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீட்டர் விற்பது சட்டவிரோதம். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். இப்படிப்பட்ட வாடகைக் கருவிகளுக்காக வீட்டுப் பத்திரத்தின்மேல் உரிமைப் பதிவு போட்டு, வீட்டை விற்கப்போகும்போது பெரிய தொகை கேட்கும் வழக்கம் இருந்தது. 2024 ஜூன் 6 முதல் அந்தப் பதிவுகள் தடை செய்யப்பட்டுவிட்டன. வயதான பெற்றோர் பகலில் தனியாக இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசி, அடையாள அட்டையோடு ஒருவர் வாசலில் நின்றால் அவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கேஸ் வேலை செய்பவருக்கு ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வின் உரிமம் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். மூன்று இடத்தில் விலை கேளுங்கள். மூவரிடமும் வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். தராதவரை விட்டுவிடுங்கள். அரசுச் சலுகைகள் வருவதும் போவதுமாக இருக்கும், கேஸ் வீட்டுக்கு ஒரு தொகை, மின்சார வீட்டுக்கு ஒரு தொகை என்று மாறும். விண்ணப்பத்தையும் நிபந்தனையையும் வேலை தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். விசாரிக்க நல்ல மாதங்கள் மே, செப்டம்பர். பொருத்துபவர்களுக்கு அப்போது நேரம் இருக்கும், உங்களுக்கும் அவசரம் இருக்காது.

கேஸ் கருவி இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்டாரியோவில் 2014 முதல் கட்டாயம். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பேஸ்மென்ட்டில் யாராவது வாடகைக்கு இருந்தால் அங்கே அவர்கள் படுக்கும் அறைக்கு அருகிலும் ஒன்று மாட்டுங்கள். பெரிய பனிக்குப் பிறகு மண்வாரியை எடுத்துக்கொண்டு கார் பாதைக்குப் போகும் முன், வீட்டின் பக்கவாட்டுக்குப் போய், ஃபர்னஸின் வெள்ளைக் குழாய்களின் வாயையும் ஹீட் பம்பைச் சுற்றி இரண்டடியையும் துப்புரவாக்கிவிடுங்கள்.